போன் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் ஒலிக்கவில்லை
இணையத் தொலைபேசியைக் கெடுக்கும் ரூட்டர்: வீட்டிலேயே சரிபார்க்கும் வழிகள்



இந்த இதழில் நம்முடைய ஒரு தவறைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் காலை, ஃபஜ்ர் தொழுகை முடிந்த கையோடு, செல்வபுரம் பக்கமிருந்து ஒரு இளைஞர் நமது அலுவலகத்துக்கு வந்தார். முந்தைய இரவு ஒன்றரை மணிக்கு அவருடைய அத்தாவுக்கு மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸ் கேட்டு நமது அறக்கட்டளையின் எண்ணுக்கு மூன்று முறை அழைத்திருக்கிறார். தொடர்பு கொள்ள இயலவில்லை என்ற பதிவுக் குரல்தான் வந்திருக்கிறது. பிறகு தெருவில் கிடைத்த ஆட்டோவில் அத்தாவை ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், பெரியவர் நலமாகிவிட்டார். ஆனால் அந்த இளைஞர் கேட்ட கேள்வி எங்களைத் தலைகுனிய வைத்தது: "ஏனுங்க பாய், போனைக் கழட்டி வெச்சுட்டுத் தூங்கிட்டீங்களா?"

யாரும் கழற்றி வைக்கவில்லை. இரவுப் பணியில் இருந்த தன்னார்வலர் அந்தப் போனுக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தார். போன் ஒரு முறைகூட ஒலிக்கவில்லை. காலையில் நாங்கள் சோதித்தபோதோ எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. வெளியே அழைத்தோம், போனது. உடனே வெளியிலிருந்து அழைக்கச் சொன்னோம், மணி அடித்தது. பார்க்க வந்த பணியாளரும், "லைன் நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழுது லைனில் இல்லை, ரூட்டரில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு நாள் ஆனது. அதில் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. நம் மஹல்லாக்களில் இப்போது பெரும்பாலான வீடுகளில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. பிள்ளைகள் துபாயிலும் ரியாத்திலும் இருக்க, பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகளும் பல. அங்கெல்லாம் ஒரு அழைப்பு வராமல் போவது சின்ன விஷயம் அல்ல.

பழைய போனுக்கும் புதிய போனுக்கும் என்ன வித்தியாசம்?

முன்பு வீட்டுக்கு வந்த தொலைபேசிக் கம்பி செம்புக் கம்பி. அது எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வந்தது. போனுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரமும் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து அதே கம்பி வழியாகவே வந்தது. ஊரெல்லாம் கரண்ட் போனாலும் போன் மட்டும் வேலை செய்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது 0422 என்று தொடங்கும் அதே எண் இருக்கலாம், அதே போன் கருவிகூட இருக்கலாம். ஆனால் குரல் போகும் வழி வேறு. உங்கள் பேச்சு ஒரு நொடிக்கு ஐம்பது துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒரு கடிதம் போல முகவரி எழுதப்பட்டு, இணையம் வழியாகப் போகிறது. ஒரு துண்டில் இருப்பது 20 மில்லிநொடிப் பேச்சு. நம் நாட்டில் இணையத் தொலைபேசிக்கு முதலில் அனுமதி கிடைத்தது 2002 ஏப்ரல் 1 அன்று. அப்போது அது கட்டுப்பாடுகளுடன் கூடிய அனுமதி. பிரவுசிங் சென்டரில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வளைகுடாவுக்குப் பேசிய காலம் பலருக்கும் நினைவிருக்கும். 2018ல் சாதாரண எண்களுக்கும் இணையம் வழியாகவே அழைக்க வழி திறக்கப்பட்டது. மொபைல் சிக்னல் கிடைக்காத இடத்தில் வைஃபை மூலம் பேசும் வசதியை ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் கொண்டுவந்தன.

எனவே இன்று வீட்டுப் போன், வாட்ஸ்அப் அழைப்பு, வைஃபை காலிங் ஆகிய மூன்றுமே அந்தச் சின்ன ரூட்டர் பெட்டி வழியாகத்தான் போய் வருகின்றன.

ரூட்டர் என்ன செய்கிறது?

கோட்டைமேட்டில் லைன் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தெருவில் ஒரே ஒரு கதவு எண். உள்ளே பத்துக் குடும்பம். வாசலில் ஒரு காவலர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளேயிருந்து யார் கடிதம் போட்டாலும் அவர் தன் சிலேட்டில், "மூன்றாம் வீட்டுக்காரர் இன்னாருக்குக் கடிதம் போட்டார்" என்று குறித்துக்கொள்வார். பதில் வந்தால் சிலேட்டைப் பார்த்து அந்த வீட்டில் கொடுப்பார். யாரும் எதுவும் போடாத வீட்டுக்குத் திடீரென்று கடிதம் வந்தால், எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்.

ரூட்டர் செய்வதும் இதுதான். வீட்டில் உள்ள போன், டிவி, கணினி எல்லாவற்றுக்கும் வெளியுலகில் ஒரே முகவரி. யார் வெளியே எதை அனுப்பினார்கள் என்று ரூட்டர் குறித்து வைத்திருக்கும். ஆனால் அந்தக் குறிப்பை நெடுநேரம் வைத்திருக்காது. போன் சும்மா இருந்தால் சில ரூட்டர்கள் அரை நிமிடத்திலும், சில ரூட்டர்கள் சில நிமிடங்களிலும் அதை அழித்துவிடும். அதன் பிறகு வரும் அழைப்பு வாசலோடு நின்றுவிடும்.

நமது அலுவலகத்தில் நடந்தது இதேதான். பகலில் அடிக்கடி பேசிக்கொண்டே இருப்போம், குறிப்பும் அழியாமல் இருக்கும். நள்ளிரவில் ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை, ரூட்டர் மறந்துவிட்டது. காலையில் நாங்கள் வெளியே ஒரு அழைப்பு போட்டவுடன் மீண்டும் நினைவுக்கு வந்துவிட்டது. அதனால்தான் சோதனையில் பழுது தெரியவில்லை. பகலிலும் சில அழைப்புகள் தவறியிருக்க வேண்டும். அழைத்தவர்கள் யாரும் வந்து சொல்லவில்லை.

அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

1. வெளியே அழைக்க முடிகிறது, ஆனால் வரும் அழைப்பு ஒலிப்பதில்லை. மேலே சொன்ன மறதிதான் பெரும்பாலும் காரணம். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ரூட்டர் இருந்தால் மறதியும் இரட்டிப்பு.

2. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை; அல்லது இதற்கு நேர்மாறு. போன் தன் முகவரியைத் தவறாகச் சொல்லியிருக்கிறது, அல்லது ரூட்டர் அதைத் தவறாகத் திருத்தியிருக்கிறது.

3. ஒவ்வொரு அழைப்பும் சரியாக அரை நிமிடத்தில் துண்டாகிறது. கடிகாரம் வைத்துப் பாருங்கள். 32 நொடி என்றால் இது தற்செயல் அல்ல. "போனை எடுத்துவிட்டேன்" என்று ஒரு பக்கம் சொன்னதற்கு "சரி" என்ற பதில் திரும்பி வந்து சேராவிட்டால், 32 நொடி காத்திருந்துவிட்டு அழைப்பைத் துண்டிப்பதுதான் இந்த முறையின் விதி. பதிலை வழியில் தடுத்தது பெரும்பாலும் ரூட்டராக இருக்கும்.

4. குரல் விட்டு விட்டுக் கேட்கிறது, ரோபோ பேசுவது போல் இருக்கிறது. வைஃபை பலவீனம், அல்லது வீட்டில் வேறு யாரோ லைனை முழுவதும் பயன்படுத்துகிறார்கள்.

5. டயல் டோனே இல்லை. மின்சாரம், ஒயர், ஃபைபர் இந்த மூன்றில் ஒன்று.

என்ன செய்வது? வரிசையாக

முதலில் விளக்குகளைப் பாருங்கள். கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். ஒயர் எங்கேயோ மடங்கியிருக்கிறது, அல்லது அறுந்திருக்கிறது. ரூட்டரில் நீங்கள் என்ன செய்தாலும் பயன் இல்லை, புகார்தான் கொடுக்க வேண்டும். பீரோவை நகர்த்தும்போது ஃபைபர் ஒயர் கூர்மையாக மடங்கினாலே போதும், லைன் போய்விடும். 'பி.ஓ.என்.' விளக்கு நிலையாக எரிந்தால் ஃபைபர் சரி. 'போன்' அல்லது 'பாட்ஸ்' என்ற விளக்கு அணைந்திருந்தால் இணையம் வந்தும் தொலைபேசிச் சேவை பதிவாகவில்லை என்று அறியலாம்.

இரண்டாவது, எல்லாவற்றையும் அணைத்துப் போடுங்கள். வரிசை முக்கியம். முதலில் ஃபைபர் பெட்டி. இரண்டு மூன்று நிமிடம் கழித்து, விளக்குகள் நிலைத்த பிறகு, உங்கள் சொந்த ரூட்டர். கடைசியாகப் போன். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போட்டால், இணையம் வருவதற்கு முன்பே போன் பதிவு செய்ய முயன்று தோற்றுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவு ஒரு துளை இருக்கும். அது ரீசெட். அதைக் குத்தாதீர்கள். கம்பெனி போட்டுக் கொடுத்த பயனர் பெயர், தொலைபேசி அமைப்பு எல்லாம் அழிந்து, இருந்த இணையமும் போய்விடும். ஸ்விட்சை அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு.

மூன்றாவது, போன் எந்தப் பெட்டியில் செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நமது தவறு இங்கேதான். டியூஷன் சென்டர் கணினிகளுக்காக ஒரு புது ரூட்டர் வாங்கி, கம்பெனிப் பெட்டியோடு இணைத்தோம். ஒயர் எட்டவில்லை என்று இணையப் போனையும் புது ரூட்டருக்கு மாற்றிவிட்டோம். ஆக, ஒரு வாசலுக்கு இரண்டு காவலர்கள். முடிந்தவரை போனை நேராகக் கம்பெனிப் பெட்டியில் செருகுங்கள். இரண்டாவது ரூட்டர் தேவையென்றால் அதன் அமைப்பில் 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றுங்கள். அப்போது அது வைஃபை மட்டும் கொடுக்கும், காவலர் வேலை பார்க்காது.

இரண்டு காவலர்கள் இருக்கிறார்களா என்று அறிய வழி உண்டு. ரூட்டரின் பக்கத்தை பிரவுசரில் திறந்து (முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரூட்டரின் அடியில் எழுதியிருக்கும்) 'வேன்' என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். அது 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் மேலே இன்னொரு ரூட்டர் இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணாக இருந்தால், கம்பெனியே பல வீடுகளை ஒரே முகவரியில் வைத்திருக்கிறது. அதை நீங்கள் மாற்ற முடியாது, அவர்களிடம்தான் பேச வேண்டும்.

நான்காவது, 'சிப் ஏ.எல்.ஜி.' என்ற அமைப்பை அணைத்துப் பாருங்கள். பல ரூட்டர்களில் இது முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். உதவி செய்யத்தான் உருவாக்கினார்கள். நம் உதாரணத்தில் சொன்னால், காவலரே கடிதத்தைப் பிரித்து உள்ளே இருக்கும் முகவரியைத் திருத்தி ஒட்டி அனுப்புவது. பல ரூட்டர்களில் இந்தத் திருத்தம் அரைகுறையாக நடக்கும். ஒரு பக்கக் குரல், அரை நிமிடத்தில் துண்டிப்பு ஆகியவற்றுக்கு இதுவே அடிக்கடி காரணம். அணைத்துவிட்டு ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுச் சோதியுங்கள். முன்னைவிட மோசமானால் மறுபடி போட்டுவிடலாம். ஆனால் போன் கருவி கம்பெனிப் பெட்டியின் தொலைபேசித் துளையிலேயே செருகப்பட்டிருந்தால் இந்த அமைப்புகளைத் தொட வேண்டியதில்லை. அங்கே பழுது என்றால் கம்பெனிதான் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, இணையப் போன் கருவியிலோ செயலியிலோ 'கீப் அலைவ்' என்று ஒரு அமைப்பு இருக்கும். சில நொடிகளுக்கு ஒருமுறை ரூட்டருக்கு "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று நினைவூட்டுவது இதன் வேலை. ரூட்டர் மறக்கும் நேரத்தைவிட இது குறைவாக இருக்க வேண்டும். நாங்கள் 20 நொடி வைத்தோம். நள்ளிரவுப் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

குரல் விட்டு விட்டுக் கேட்டால்

"நூறு எம்.பி. பிளான் போட்டிருக்கோம், அப்புறம் ஏன் கட்டாகுது?" என்று பலர் கேட்கிறார்கள். ஒரு அழைப்புக்குத் தேவை ஒரு பக்கத்துக்குச் சுமார் 100 கிலோபிட் மட்டுமே. 100 எம்.பி.யில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. வேகம் போதும். துண்டுகள் சீராக, நேரத்துக்கு வந்து சேர வேண்டும், அதுதான் தேவை. ஒரு பக்கமாகப் போய்ச் சேர 150 மில்லிநொடிக்கு மேல் ஆனால் உரையாடல் சிக்கத் தொடங்கும். ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவார்.

சீர் கெடுவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. ஒன்று, யாரோ பெரிய கோப்பை மேலே ஏற்றுகிறார்கள். மொபைல் தானாகவே போட்டோக்களை ஏற்றுவதும், சிசிடிவி கேமரா இரவும் பகலும் படத்தை அனுப்புவதும் இதில் சேரும். பேசும் நேரத்தில் அவற்றை நிறுத்திப் பாருங்கள். ரூட்டரில் 'க்யூ.ஓ.எஸ்.' வசதி இருந்தால் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். இரண்டு, வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு ரூட்டர்களோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் மோதும். வீடுகள் நெருக்கமான நம் தெருக்களில் இது அதிகம். அதே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் பயன்படுத்துங்கள். 2.4தான் வேண்டுமென்றால் சேனல் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை வையுங்கள். மூன்று, சூடு. ரூட்டரை டிவிக்குப் பின்னாலும் பீரோ மேல் துணிக்கு அடியிலும் வைக்காதீர்கள்.

வைஃபை காலிங் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், ரூட்டரில் 'ஐபிசெக் பாஸ்த்ரூ' என்ற அமைப்பு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ரூட்டர் மேல் பழி போட முடியாத இடம்

ஐக்கிய அரபு அமீரகத்தில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது, ஆனால் பேச முடியவில்லை என்றால் இங்கே ரூட்டரை மாற்றிப் பயன் இல்லை. அந்நாட்டில் உரிமம் பெறாத இணைய அழைப்புகளை ஒழுங்குமுறை ஆணையம் தடுத்து வைத்திருக்கிறது. அங்கு அனுமதி பெற்ற போடிம் போன்ற செயலியில்தான் பேச வேண்டும். தடையைத் தாண்ட வி.பி.என். போடச் சொல்லிப் பிள்ளைகளை வற்புறுத்தாதீர்கள். அங்குள்ள சைபர் சட்டத்தில் மாட்டிக்கொண்டால் வேலையே போகலாம்.

கரண்ட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்தடை வருவது நமக்குப் பழக்கம். ஃபைபர் பெட்டிக்கு மின்சாரம் இல்லையென்றால் போனும் இல்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஃபைபர் பெட்டியையும் ரூட்டரையும் அந்தப் பிளக்கில் செருகுங்கள். இல்லாதவர்கள் ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். வாங்கலாம், சில மணி நேரம் தாங்கும். வாங்குமுன் உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பெரும்பாலானவை 12 வோல்ட், ஆனால் 9 வோல்ட் கருவிகளும் உண்டு. மாற்றிப் போட்டால் கருவி கெட்டுவிடும்.

இருந்தாலும் அவசரத்துக்கு இணையப் போனை மட்டும் நம்பக் கூடாது. சார்ஜ் உள்ள ஒரு மொபைல் பெரியவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். 108, 112 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

புகார் கொடுக்கும்போது

"போன் வேலை செய்யலை" என்று சொன்னால் வருபவர் டயல் டோனைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். எங்களுக்கு நடந்ததும் அதுவே. "ஒரு மணி நேரம் சும்மா வைத்திருந்தால் வரும் அழைப்பு ஒலிப்பதில்லை, இன்ன தேதி, இன்ன நேரம்" என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், 2012ம் ஆண்டு டிராய் விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அலுவலர் இருக்கிறார். அந்தப் புகார் எண்ணோடு அவரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

தானாகவே போன் செய்து, "உங்க ரூட்டரைச் சரி பண்றோம், இந்த ஆப்பைப் போடுங்க, ஓடிபி சொல்லுங்க" என்று கேட்பவர்களிடம் எதையும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

நாங்கள் செய்துகொண்ட மாற்றம்

அலுவலக எண் எடுக்கப்படாவிட்டால் அழைப்பு இப்போது ஒரு மொபைலுக்குத் தானாகப் போகும்படி செய்திருக்கிறோம். தினமும் நள்ளிரவுக்குப் பிறகு, யாரும் பேசாத நேரத்தில், ஒரு தன்னார்வலர் தன் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு விடுகிறார். ஒலித்தால் சரி. ஒலிக்காவிட்டால் காலை வரை காத்திருக்காமல் ஆள் போய்ப் பார்க்கிறார். செல்வபுரம் குடும்பத்தாரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். பெரியவர் சிரித்துக்கொண்டே, "நீங்க தூங்கலைன்னு தெரிஞ்சதே போதுமுங்க" என்றார்.

நீங்களும் ஒரு சோதனை செய்யுங்கள். இன்று இரவு படுக்குமுன் வீட்டுப் போனை யாரும் தொடாமல் விடுங்கள். ஃபஜ்ருக்கு எழுந்ததும், அதிலிருந்து எங்கும் அழைக்காமல், மொபைலில் இருந்து அந்த எண்ணுக்கு ஒரு அழைப்பு போடுங்கள். ஒலிக்காவிட்டால் மேலே சொன்ன வரிசையில் பாருங்கள். புரியாவிட்டால் ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள், கடவுச்சொல் இருக்கும் பகுதியை மறைத்துவிட்டு. இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகள் வீட்டுக்கே வந்து பார்த்துத் தருவார்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டை முதலில் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.